ஆயில் மாற்ற எங்கே போவது? விரைவு சர்வீஸ் கடை, டீலர், சொந்தக் கை: முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆயில் மாற்றும் நேரம் நெருங்கியதும் புதிதாக கார் வைத்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே விடலாம்?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்க வேண்டும். எந்த ஆயில், எவ்வளவு, எப்போது என்ற மூன்றும் தெரியாமல் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த மூன்றையும் வேறு யாரோ முடிவு செய்வார். அன்றைக்கு எந்த டிரம் திறந்திருக்கிறதோ அது உங்கள் எஞ்சினுக்குள் போகும். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் கார்களுக்கு இது பொருந்தும். முழு மின்சாரக் காருக்கு இந்த வேலையே கிடையாது.

1. கையேட்டைத் திறந்து நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்

வண்டியோடு வந்த கையேட்டில், பின்பக்க அட்டவணையில், இந்த நான்கும் இருக்கும்: ஆயிலின் கிரேடு, தரக்குறியீடு, ஃபில்டரையும் சேர்த்து மாற்றும்போது பிடிக்கும் அளவு, மாற்றும் இடைவெளி. கையேடு தொலைந்திருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே அதை வைத்திருக்கின்றன. உங்கள் வண்டியின் மாடல், ஆண்டு, எஞ்சின் வகை மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரே மாடலில் இரண்டு எஞ்சின் வருவது சாதாரணம். இரண்டுக்கும் ஆயில் வேறாக இருக்கலாம்.

கிரேடு என்பது 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற எண். முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. அது குறையக் குறைய, கடுங்குளிரிலும் ஆயில் சீக்கிரம் மேலே ஏறும். இரண்டாவது எண் எஞ்சின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. "கொஞ்சம் கெட்டியான ஆயில் போட்டால் எஞ்சின் நீடிக்கும்" என்ற பேச்சு நிறையக் காதில் விழும். 0டபிள்யூ-20க்கு வடிவமைத்த எஞ்சினில் ஆயில் பம்ப்பும் பேரிங் இடைவெளிகளும் அந்த ஓட்டத்தை வைத்துத்தான் கணக்கிடப்பட்டிருக்கின்றன. கையேடே மாற்றுக் கிரேடு கொடுத்திருந்தால் போடலாம், இல்லையென்றால் வேண்டாம்.

புதியவர்கள் தவறவிடுவது தரக்குறியீட்டைத்தான். கிரேடு பொருந்தினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரும் குறியீட்டில் எஸ் என்று தொடங்குபவை பெட்ரோல் எஞ்சினுக்கு, சி என்று தொடங்குபவை டீசலுக்கு. 2020இல் வந்த எஸ்பி, அதற்கு முந்தைய எஸ்என் கேட்கும் பெட்ரோல் எஞ்சின்களுக்கும் ஆகும். ஐரோப்பிய வண்டிகளில் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கம்) குறியீடோ, கார் நிறுவனத்தின் சொந்த ஒப்புதல் எண்ணோ கேட்கப்படும். புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உள்ள டீசல் காருக்குச் ஏசிஇஏ சி வகை போன்ற, சாம்பல் குறைந்த ஆயில்தான் தேவை. வேறு ஆயில் எரிந்து விடும் சாம்பல் அந்த ஃபில்டரிலேயே தங்கி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவு பல ஆண்டு ஆயில் செலவைத் தாண்டும்.

டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டை) ஆயிலுக்குள்ளேயே ஓடும் எஞ்சின்களும் இருக்கின்றன. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட், பியூஜோ–சிட்ரோயன் கார்களில் வந்த 1.2 லிட்டர் ப்யூர்டெக் ஆகியவற்றில் அப்படிப்பட்ட வடிவங்கள் உண்டு. தவறான ஆயில் அந்த பெல்ட்டை ஊறவைத்து உரிக்கும். உரிந்த துகள் ஆயில் பம்ப்பின் வலையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். உங்கள் வண்டி இந்த வகை என்றால் விலைக் கணக்கை ஒதுக்கிவிட்டு, ஒப்புதல் எண்ணைப் பார்த்து மட்டும் ஆயில் வாங்குங்கள்.

"முழு சிந்தெடிக்" என்று கேனில் பெரிதாக எழுதியிருப்பது தரக்குறியீடு ஆகாது. பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

2. உங்கள் ஓட்டம் சாதாரணமா, கடினமா என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான கையேடுகளில் இடைவெளி இரண்டு விதமாக இருக்கும்: சாதாரண ஓட்டத்துக்கு ஒன்று, கடின ஓட்டத்துக்கு ஒன்று. நெடுஞ்சாலையில் வேகமாகப் போவது கடின ஓட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை பெரும்பாலும் தலைகீழ். எஞ்சின் முழுதாகச் சூடாவதற்குள் நின்றுவிடும் சின்னச் சின்னப் பயணங்கள்தான் ஆயிலுக்குக் கெடுதல். அப்போது உள்ளே சேரும் நீரும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஆயிலோடு கலந்துவிடுகின்றன. தூசி மிகுந்த சாலை, இழுவை வண்டி, நெரிசலில் மணிக்கணக்காக எஞ்சினை ஓடவிட்டு நிற்பது ஆகியவையும் இதில் சேரும்.

தூரம், காலம் இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக ஓட்டுபவர்கள் காலத்தை மறந்துவிடுகிறார்கள்.

டாஷ்போர்டில் காட்டும் "ஆயில் ஆயுள்" சதவீதம் பெரும்பாலான வண்டிகளில் ஆயிலைச் சோதித்து வருவதில்லை. எஞ்சின் சுற்று, வெப்பம், பயண நீளம் ஆகியவற்றை வைத்துப் போடும் கணக்கு அது. கணக்கு நல்லதுதான், ஆனால் ஆயில் அளவு குறைந்திருந்தால் அதற்குத் தெரியாது. கண்ணாடியில் கடைக்காரர் ஒட்டும் ஸ்டிக்கரும் கையேட்டுக்கு மாற்றல்ல. கையேடு சொல்வதைவிட வெகு சீக்கிரமே வரச் சொல்லி அதில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

3. வாரண்டி நிலையைப் பாருங்கள்

"டீலரைத் தவிர வேறெங்கும் போனால் வாரண்டி போய்விடும்" என்ற பயம்தான் பலரை டீலரிடம் தள்ளுகிறது. இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னஸன்–மாஸ் வாரண்டிச் சட்டம், நிறுவனம் இலவசமாகத் தராத சேவையைத் தன்னிடமே செய்ய வேண்டும் என்று நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. உங்கள் நாட்டு விதி எதுவோ, வாரண்டிப் புத்தகத்தின் நிபந்தனைப் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

எங்கே செய்தாலும் சான்று வேண்டும். தேதி, ஓடிய தூரம், ஆயிலின் கிரேடும் தரக்குறியீடும், ஃபில்டர் எண் ஆகியவை பில்லில் இருக்கட்டும். நீங்களே செய்தால் ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீதோடு அன்றைய ஓடோமீட்டரைப் படமெடுத்து வையுங்கள். "ஆயில் சர்வீஸ்: 1" என்று மட்டும் எழுதிய பில், வாரண்டி கேட்கும் நாளில் உதவாது.

இலவச சர்வீஸ் மீதி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டீலரிடம் போங்கள்.

4. வண்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள்

"நாமே செய்தால் என்ன?" என்ற ஆசைக்குப் பதில் காணொளிகளில் இல்லை, உங்கள் வண்டியின் அடியில் இருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். டிரெயின் போல்ட் (ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) கண்ணுக்குத் தெரிகிறதா, பிளாஸ்டிக் அடித்தட்டு மறைக்கிறதா? ஃபில்டர் மேலிருந்து கைக்கு எட்டுகிறதா, புகைக்குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா? ஃபில்டர் டப்பா வடிவில் திருகி எடுப்பதா, மூடிக்குள் காகிதச் சுருள் வைப்பதா?

கூடவே இரண்டு கேள்விகள்: சமதளமான, கெட்டியான தரை உண்டா? பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் இடம் அருகில் உண்டா? இரண்டில் ஒன்றுக்கு "இல்லை" என்றால் சொந்தக் கை வழியை இத்தோடு விட்டுவிடலாம். மண் தரையில் ஜாக்கி வைப்பது உயிரோடு விளையாடுவது. பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுவதற்குச் சமாதானமே கிடையாது.

5. இப்போது மூன்றையும் எடைபோடுங்கள்

விரைவு சர்வீஸ் கடையில் நேரம் மிச்சம். முன்பதிவு தேவையில்லை, அரை மணிக்குள் வெளியே வந்துவிடலாம். அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. வேலை செய்பவர் ஒரே நாளில் பத்து விதமான வண்டியைப் பார்க்கிறார், உங்கள் வண்டியின் தனிக்குணம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சில கிரேடு ஆயிலைத்தான் டிரம்மில் வைத்திருப்பார்கள். வாரண்டி முடிந்த, சாதாரணக் கிரேடு கேட்கும், சிக்கலில்லாத பெட்ரோல் காருக்கு இது போதும். ஒப்புதல் எண் கேட்கும் வண்டிக்கு இது எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

டீலரிடம் சரியான ஃபில்டர், சரியான வாஷர், நிறுவனம் ஒப்புக்கொண்ட ஆயில் கிடைக்கும். திரும்பப் பெறும் அறிவிப்பு (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியை அழைப்பது), மென்பொருள் புதுப்பிப்பு ஏதாவது நிலுவையில் இருந்தால் அதையும் அங்கேதான் பார்ப்பார்கள். வாரண்டி முடிந்த சில நாளில் பெரிய பழுது வந்தால் முழு சேவைப் பதிவும் அங்கேயே இருப்பது பேரம் பேச உதவும். பணமும் நேரமும் அதிகம்தான். இன்னொன்றும் உண்டு: டீலரிடம் விட்டால் தேர்ந்த மெக்கானிக்தான் செய்வார் என்று நினைக்காதீர்கள். ஆயில் மாற்றும் வேலை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த பையனுக்குத்தான் போகும்.

நீங்களே செய்தால் எந்த ஆயில், எந்த ஃபில்டர், போல்ட் எவ்வளவு முறுக்கு என்பதெல்லாம் உங்கள் கையில். ஆனால் முதல் முறை பணம் மிச்சமாகாது, கருவிகளுக்கே போய்விடும். ஒரே ஒரு வண்டி, ஆண்டுக்கு ஒரு மாற்று என்றால் பணத்துக்காக இதில் இறங்காதீர்கள். வண்டியைத் தெரிந்துகொள்ளும் ஆசை இருந்தால் இறங்குங்கள்.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. பழக்கமான தனி மெக்கானிக்கிடம் ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே வாங்கிக் கொடுத்து, வேலைக் கூலி மட்டும் கொடுப்பது. என்னைக் கேட்டால், வாரண்டி முடிந்த பலருக்கும் இதுதான் பொருத்தம். அப்படி ஒருவர் கிடைப்பதுதான் கஷ்டம்.

6. விரைவு சர்வீஸ் கடைக்குப் போகிறீர்கள் என்றால்

போவதற்கு முன் போன் செய்து, "இந்தக் கிரேடு, இந்தத் தரக்குறியீடு இருக்கிறதா? என் வண்டிக்கு ஃபில்டர் இருக்கிறதா?" என்று கேளுங்கள். போன பிறகு கேட்டால் "இதுவும் அதே மாதிரிதான்" என்ற பதில்தான் கிடைக்கும்.

வேலை தொடங்கும் முன் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) நீங்களே பாருங்கள். அளவு குறைந்திருந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. வடித்த பிறகு அந்தத் தகவல் திரும்பக் கிடைக்காது.

ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் வளையம்) எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடலாம். அதன் மேலேயே புதியதைத் திருகினால் கேஸ்கட் இரண்டாகிவிடும். சாலையில் அழுத்தம் ஏறியதும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். சில நிமிடத்தில் எஞ்சின் வறண்டுவிடும். "பழைய கேஸ்கட் வந்துவிட்டதா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்குகிறார்களா என்றும் கவனியுங்கள். அலுமினிய சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மரை தேய்வது பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது.

எஞ்சின் ஃபிளஷ், ஏர் ஃபில்டர், கூலன்ட், எரிபொருள் சுத்திகரிப்பு என்று கூடுதல் விற்பனை வரும். கையேட்டில் அந்தத் தூரத்துக்கு அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் "இன்றைக்கு ஆயிலும் ஃபில்டரும் மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். ஏர் ஃபில்டர் அழுக்கு என்று எடுத்துக் காட்டினால், உண்மையாகவே அழுக்காகவும் இருக்கலாம். அதை வாங்கி வந்து மாற்ற உங்களுக்கே சில நிமிடம் போதும்.

7. டீலரிடம் விடுகிறீர்கள் என்றால்

வேலைச் சீட்டில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். "தொகுப்பு சர்வீஸ்" என்ற பெயரில் கையேட்டில் இல்லாத வேலைகள் சேர்ந்திருக்கும். அவற்றை அடிக்கச் சொன்னால் அடிப்பார்கள். நிலுவையில் உள்ள திரும்பப் பெறும் அறிவிப்பைச் சேசிஸ் எண் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு வேலை எதற்கும் உங்களைக் கேட்காமல் கை வைக்கக்கூடாது என்று சீட்டிலேயே எழுத வையுங்கள்.

8. நீங்களே செய்கிறீர்கள் என்றால்

முதலில் பொருள் எல்லாம் கைக்கு வரட்டும். ஆயில், ஃபில்டர், புதிய டிரெயின் வாஷர், சரியான அளவு ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட், ஃபில்டர் ரெஞ்ச், டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்), மொத்த ஆயிலும் கொள்ளும் தட்டு, புனல், கையுறை, துணி. வண்டியை உயர்த்த ஏறுதளமோ ஜாக்கி ஸ்டாண்டோ. உதிரிபாகக் கடை திறந்திருக்கும் காலை நேரத்தில் தொடங்குங்கள். ஆயிலை வடித்த பிறகு ஃபில்டர் எண் தவறு என்று தெரிந்தால், கடைக்கு அந்த வண்டியில் போக முடியாது.

எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் இளகி ஓடும், அடியில் படிந்த அழுக்கையும் இழுத்து வரும். நீண்ட பயணம் முடிந்த உடனே தொடங்காதீர்கள், கை வெந்துவிடும்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு அண்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. ஸ்டாண்டில் இறக்கி, உடம்பை உள்ளே விடும் முன் வண்டியை நன்றாக ஆட்டிப் பாருங்கள்.

மேலே ஆயில் மூடியைத் திறந்துவிடுங்கள், வடிவது சீராகும். கீழே போல்ட்டைக் கழற்றும் முன் அது எஞ்சின் சம்ப்பின் போல்ட்தானா என்று இன்னொரு முறை உறுதி செய்யுங்கள். கியர்பாக்ஸின் டிரெயின் போல்ட்டும் பக்கத்திலேயே, அதே தோற்றத்தில் இருக்கும் வண்டிகள் உண்டு. கியர் ஆயிலை வடித்துவிட்டு எஞ்சினில் இரட்டிப்பு ஆயிலை ஊற்றுவது புதியவர்களிடம் மட்டுமல்ல, கடைகளிலும் நடக்கும் பிழை.

போல்ட்டின் கடைசிச் சுற்றுகளைக் கையால் உள்நோக்கி அழுத்தியபடி திருகி, சட்டென்று இழுங்கள். முதலில் ஆயில் தட்டுக்கு அப்பால் பாயும், தட்டை அதற்கேற்ப நகர்த்தி வையுங்கள். சொட்டு நிற்கும்வரை காத்திருங்கள். வடியும் ஆயிலையும் கவனியுங்கள்: பால் கலந்ததுபோல் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், உலோகத் துகள் மின்னினால் மெக்கானிக்கிடம் காட்டியாக வேண்டும். டீசல் ஆயில் கறுத்திருப்பது குறையல்ல, போட்ட சில நாளிலேயே கறுத்துவிடும்.

புதிய வாஷர் போட்டு, போல்ட்டை முதலில் விரலால் திருகுங்கள். விரலுக்கு வராவிட்டால் மரை குறுக்காக ஏறுகிறது, கழற்றித் திரும்பத் தொடங்குங்கள். பிறகு டார்க் ரெஞ்சால் உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பல சிறிய கார்களில் இது 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்; கையால் "நல்லா" இறுக்குபவர்கள் இதை எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள்.

ஃபில்டரைக் கழற்றி, பழைய கேஸ்கட் அதிலேயே இருக்கிறதா பாருங்கள். எஞ்சின் முகத்தைத் துடைத்து, புதிய கேஸ்கட்டில் ஆயில் தடவுங்கள். உலர்ந்த ரப்பர் திருகும்போது மடங்கும். கேஸ்கட் தொட்ட பிறகு ஃபில்டரில் அச்சிட்ட அளவு, பெரும்பாலும் முக்கால் சுற்று, கையாலேயே இறுக்குங்கள். ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும். காகிதச் சுருள் வகையில் மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டும். அது ஃபில்டர் பெட்டியிலேயே வரும், பலர் அதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

கையேட்டு அளவு முழுவதையும் ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். உள்ளே கொஞ்சம் பழைய ஆயில் எப்போதும் தங்கியிருக்கும். அரை லிட்டர் குறைவாக ஊற்றி, மூடியைப் போட்டு, எஞ்சினைத் தொடங்குங்கள். சிவப்பு ஆயில் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓடியதும் நிறுத்திவிட்டு, கீழே கசிவு பாருங்கள். வண்டியைத் தரைக்கு இறக்கி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேல் கோட்டைத் தாண்டாதீர்கள். தாண்டினால், எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையால் பேரிங்கைக் காக்க முடியாது.

பழைய ஆயிலைக் காலி கேனில் ஊற்றி மூடுங்கள். கூலன்ட், பெட்ரோல் எதையும் அதில் கலக்காதீர்கள், கலந்ததை மறுசுழற்சிக்கு எடுப்பதில்லை. ஃபில்டரைக் கவிழ்த்து இரவு முழுக்க வடியவிட்டு, ஆயிலோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

9. யார் செய்தாலும், செய்து முடிந்த பிறகு

கடையை விட்டுக் கிளம்பும் முன் டிப்ஸ்டிக் பாருங்கள். டிப்ஸ்டிக் இல்லாத புதிய வண்டிகளில் திரையில் அளவு காட்டும். அதற்கு எஞ்சின் சூடாகவும் வண்டி சமமாகவும் இருக்க வேண்டும். ஆயில் மூடி இறுக்கமா, பில்லில் இருக்கும் கிரேடு நீங்கள் எழுதி வைத்ததுதானா என்று பாருங்கள். ஆயில் நினைவூட்டலைப் பூஜ்யமாக்கினார்களா என்று கேளுங்கள்.

மறுநாள் காலை வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். அடித்தட்டு உள்ள வண்டியில் கசிவு அதிலேயே தேங்கும், தரைக்கு வர நாளாகும். அதனால் ஒரு வாரம் கழித்து டிப்ஸ்டிக்கை இன்னொரு முறை பாருங்கள். ஓட்டும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்துக் கடைவரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துப் போக ஆளை அழையுங்கள். வேலை செய்த கடைக்குச் சொல்லும் முன் வண்டியின் அடியையும் டிப்ஸ்டிக்கையும் பில்லோடு சேர்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.